வானத்தில் கண்ணி வைக்க முடியாது

1

நம் தெரு வாசகசாலை மலருக்கு வெளிநாட்டு வாழ்க்கை பற்றி நாலு பக்கம் எழுதி அனுப்பும்படி கேட்டிருந்தார்கள். கடிதம் வந்து மூன்று மாதமாகிறது. வெயில், நோன்பு, அரபிக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று எதையாவது எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் ஜூலை வந்துவிட்டது. போன வருஷம் ஜூலை மூன்றாம் தேதி நடந்ததை விட்டுவிட்டு வேறு எதை எழுதினாலும் அது பாதி எழுத்தாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

என்னைத் தெரியாதவர்களுக்காக: நான் சலீம். மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்தும் கபீரின் தம்பி. பத்து வருஷமாக இந்த வளைகுடா ஊர் விமான நிலையத்தில் வேலை. பெட்டி தூக்குகிறவனாக வந்தேன். இப்போது வந்து நிற்கும் விமானத்துக்குப் படிக்கட்டு வைப்பது, பேருந்து வரவழைப்பது, காகிதங்களை வாங்கி உள்ளே சேர்ப்பது என்று ஒரு சிறு குழுவுக்கு மேற்பார்வையாளன். விமானம் ஓட்டுவேன் என்று ஊரில் ஒருவர் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். அவர் தயவுசெய்து நிறுத்திக்கொள்ள வேண்டும்.

காலை ஐந்தரைக்குக் கீழே இறங்கினால் எங்கள் கட்டடத்தின் மூலையில் பஹ்ராமின் ரொட்டிக்கடை. பஹ்ராம் ஈரான்காரர். எதிர்க்கரைத் துறைமுக ஊர்தான் அவருக்கு. அங்கிருந்து இங்கே விமானத்தில் அரை மணி நேரம்கூட ஆகாது. அவர் அடுப்புச் சுவரில் மாவை அறைந்து, நீளக் கம்பியால் ரொட்டியை எடுத்துப் பழைய செய்தித்தாளில் வைத்துக் கொடுப்பார். நாங்கள் பேசிக்கொண்டது ஒரு கலவை மொழி. கொஞ்சம் அரபி, கொஞ்சம் உருது, அவரிடம் கற்ற நாலைந்து பாரசீகச் சொற்கள். என் மகள் நஸ்ரீனுக்குப் பன்னிரண்டு வயது. நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, "அத்தா, நீங்க ரெண்டு பேரும் பேசுறது எந்த பாஷையும் இல்ல" என்பாள். அவள் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும். தமிழை எங்களிடம் மட்டும் பேசுகிறாள். மரக்காணத்தை "உங்க ஊரு" என்றுதான் சொல்வாள்.

2

பஹ்ராம் குடும்பத்தை விட்டு வந்து ஏழு வருஷமாகியிருந்தது. இடையில் அவர் ஊர்ப்பக்கம் போகவில்லை. போனால் படைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்ற பயம். அங்கே போர் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. மனைவி பாத்திமாவும் மகள் மரியமும் அந்தக் கரையில், இவர் இந்தக் கரையில். போன வருஷத் தொடக்கத்தில் அவருடைய அரபி முதலாளி ஒருவழியாக இளகி, இருவரையும் வரவழைக்கக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். விசா மனுவைத் தட்டச்சு செய்து தர முடியுமா என்று பஹ்ராம் என்னிடம் கேட்டார். விமான நிலையத்தில் வேலை செய்கிறவனுக்கு எல்லாக் காகிதமும் தெரியும் என்பது அவர் நம்பிக்கை.

பாத்திமாவிடம் பாஸ்போர்ட் இருந்தது. பிறந்த தேதி அதில் அவர்கள் கணக்கு, ஆங்கிலக் கணக்கு என்று இரண்டு முறையிலும் போட்டிருந்தது. மரியமுக்கு இருந்தது ஒரு சின்னப் பிறப்புப் புத்தகம்தான். பிறந்த வருஷம் 1354 என்றிருந்தது. முஸ்லிம் வீட்டில் பிறந்தவனுக்கு இதில் என்ன சந்தேகம்? அலுவலகச் சுவரில் ஹிஜ்ரி வருஷத்தை ஆங்கில வருஷமாக மாற்றும் அட்டவணை தொங்கியது. அதைப் பார்த்து 1935 என்று அடித்துக் கொடுத்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துத் தாயின் விசா வந்தது. மகளின் மனு திரும்பி வந்தது. 'மகளின் வயது ஐம்பத்து மூன்று, தந்தையின் வயது நாற்பத்தொன்று. விளக்கம் தேவை' என்று அதன் மேல் ஒரு குமாஸ்தா சிவப்பு மையில் எழுதியிருந்தார். ஈரானியர் கணக்கில் வைப்பது சூரிய ஆண்டு, நம் ஹிஜ்ரி ஆண்டல்ல என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பெண் பிறந்தது 1975-இல். பஹ்ராம் அந்தச் சிவப்பு மையைப் பார்த்துச் சிரித்தார். கடைக்கு ரொட்டி வாங்க வந்தவர்களிடமெல்லாம் தன் மகள் தனக்கு அக்கா என்று சொல்லிக் காட்டினார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

மறுபடி மனுப் போட்டால் இன்னும் இரண்டு மாதம். அதற்குள் தாயின் விசா காலாவதியாகிவிடும். ஹஜ்ஜுப் பெருநாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. முதலில் பாத்திமா வரட்டும், மகள் அத்தை வீட்டில் இருந்து பிறகு வரட்டும் என்று முடிவு செய்தார்கள்.

வருவது எப்படி என்பதுதான் மிச்சம். பாத்திமாவுக்கு விமானமென்றால் பயம். அந்தக் கரையிலிருந்து லாஞ்ச் என்கிற மோட்டார் படகில் ஆட்கள் வந்துபோவது வழக்கம். அவள் அதில் வருவதாகச் சொல்லியிருந்தாள். பஹ்ராம் மாவுக் கையோடு நின்று, நீ என்ன சொல்கிறாய் என்று என்னைக் கேட்டார்.

அப்போது கடல் அப்படி இருந்தது. எண்ணெய்க் கப்பல்களைப் போரிட்ட இரண்டு நாட்டாரும் அடித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீருக்குள் கண்ணிவெடி மிதந்தது. கப்பல்களுக்குக் காவல் என்று தூர தேசத்துப் போர்க்கப்பல்கள் வந்து நின்றன. எங்கள் ஓடுபாதையில் இறங்குகிற பயணிகளில் பாதிப் பேர் பத்திரிகைக்காரர்கள். நான் யோசிக்கவே இல்லை. லாஞ்ச் வேண்டாம், விமானத்தில் வரச்சொல் என்றேன். கடலில் கண்ணி வைக்கலாம், வானத்தில் கண்ணி வைக்க முடியாது என்றும் சொன்னேன். சொன்னது அழகாக இருந்ததாக எனக்கே ஒரு திருப்தி.

3

இந்த இடத்தில் நம் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த யோசனையை நான் சொல்வதற்கு எட்டு மாதம் முன்பு விடுமுறையில் மரக்காணம் வந்திருந்தேன். இலங்கைக்கு நம் படை போன வருஷம் அது. ஐப்பசி மழைக்கு முன்னால் உப்புக் குவியலுக்குக் கீற்று போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கபீரோடு நான் வரப்பில் நின்றேன். வடக்கிலிருந்து தெற்கே விமானம் விமானமாகப் போனது. நாலு விசிறியோடு உறுமிக்கொண்டு போகும் பட்டாளத்து விமானம் சில. மற்றவை எனக்கு நன்றாகத் தெரிந்த பயணிகள் விமானம். வாலில் அதே நிறம், அதே சின்னம்.

விடுமுறை முடிந்து கிளம்ப மீனம்பாக்கம் போனால், பம்பாய்க்குப் போகவேண்டிய என் விமானம் ரத்து. படை ஏற்றப் போய்விட்டது என்று கவுண்டரில் இருந்தவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அங்கேயே இரண்டு நாள் கிடந்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால், பச்சைச் சட்டைப் பையன்கள் பை தூக்கிக்கொண்டு வரிசையாக நின்று பயணிகள் விமானத்தில் ஏறினார்கள். நாங்கள் வைக்கிற அதே படிக்கட்டு. முன்னால் நின்ற ஒருவன் ஏறும்போது குனிந்து காலணியைத் துடைத்துக்கொண்டான், கல்யாண வீட்டுக்குள் நுழைகிறவன் மாதிரி.

மூன்றாம் நாளும் விமானம் இல்லை என்றதும் ஊருக்குத் திரும்பி வந்து இதை அண்ணனிடம் சொன்னேன். அவர் உப்பளத்தை விட்டு வேறெங்கும் வேலை செய்தவரில்லை. கேட்டுவிட்டு, தெற்கே போன இன்னொரு விமானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்பா, ஜனங்க போற பிளேன்ல பட்டாளம் போவுதுன்னா, கீழேருந்து பாக்குறவனுக்கு எது எதுன்னு எப்படிப்பா தெரியும்?"

அதற்கெல்லாம் கருவி இருக்கிறது அண்ணே என்றேன். விமானத்துக்குள் ஒரு பெட்டி இருக்கும். கீழேயிருந்து ரேடார் கேட்டால் 'நான் இன்னார், இத்தனை உயரத்தில் வருகிறேன்' என்று அது தானாகவே பதில் சொல்லும். பட்டாளத்து விமானத்துக்கு ஒரு மாதிரி எண், பயணிகள் விமானத்துக்கு வேறு மாதிரி எண். இதையெல்லாம் பெருமையாக விளக்கினேன். அண்ணன் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

4

ஜூலை மூன்று, ஞாயிற்றுக்கிழமை. இங்கே அது வேலை நாள். எதிர்க்கரையிலிருந்து வரும் விமானம் என் குழுவின் பொறுப்பில் இருந்தது. பாத்திமாவை நானே இறக்கி அழைத்துவருவதாகப் பஹ்ராமிடம் சொல்லியிருந்தேன். அவர் அன்று அடுப்பைப் பற்றவைக்காமல், இஸ்திரி போட்ட சட்டையில் வெளியே காத்திருந்தார்.

விமானம் அங்கே தாமதமாகக் கிளம்பியது என்று செய்தி வந்தது. பிறகு கிளம்பிவிட்டது என்றார்கள். படிக்கட்டு வண்டியோடு நின்றோம். தளத்தின் சூடு செருப்பைத் தாண்டிக் காலில் ஏறியது. அரை மணியாயிற்று, முக்கால் மணியாயிற்று. வயர்லெஸ்ஸில் கேட்டால் காத்திருக்கச் சொன்னார்கள். பிறகு யாரும் பதில் சொல்லவில்லை. என்னோடு நின்ற மலையாளி டிரைவர் வண்டியின் இன்ஜினை அணைத்துவிட்டார். விமானத்துக்குக் காத்திருக்கும்போது யாரும் இன்ஜினை அணைப்பதில்லை.

உள்ளே போனபோது அறிவிப்புப் பலகையில் 'தாமதம்' என்றே இருந்தது. அலுவலகத்தில் ரேடியோவைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று ஒரு விமானத்தைச் சுட்டு வீழ்த்திவிட்டது என்ற அளவில் சேதி இருந்தது. முதலில் போர் விமானம் என்றார்கள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களிடம் ஒரு விமானம் குறைந்தது. மத்தியானத்துக்குள் அது உறுதியாகிவிட்டது. கிட்டத்தட்ட முந்நூறு பேர். ஒருவரும் மிஞ்சவில்லை.

வெளியே பஹ்ராம் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைச் சுற்றி இருந்தவர்களுக்கும் இன்னும் ஒன்றும் தெரியவில்லை. அதிகாரிகள் வந்து முறையாகச் சொல்வார்கள், யாரும் எதுவும் பேசக்கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. ஆனால் அவர் என்னைப் பார்த்துவிட்டார். பார்த்த பிறகு திரும்பிப் போக முடியவில்லை.

எப்படிச் சொல்வது? நம் வீடுகளில் மரணத்தைச் செத்துப்போனார் என்று சொல்ல மாட்டோம். உருதுவில் மரியாதையாக 'இன்திகால்' ஆகிவிட்டது என்பார்கள். அந்தச் சொல்தான் வாயில் வந்தது. விமானத்தில் வந்தவர்கள் எல்லாருக்கும் இன்திகால் ஆகிவிட்டது என்றேன்.

பஹ்ராமின் முகம் தெளிந்தது. "எங்கே?" என்று கேட்டார். பக்கத்து ஊர் விமான நிலையத்துக்கா, அங்கே போக டாக்ஸி கிடைக்குமா என்று கேட்டார். பின்னால் நின்றவர்களிடம் திரும்பி, அவர்களை மாற்றிவிட்டார்களாம் என்று பாரசீகத்தில் சொல்லவும் சொன்னார்.

அந்தச் சொல்லுக்கு அவர்கள் மொழியில் இடமாற்றம் என்று பொருள். இரண்டு மொழியிலும் ஒரே சொல், கிட்டத்தட்ட ஒரே உச்சரிப்பு. அந்த ஒரு நிமிடத்துக்கு அங்கே நின்ற இருபது முப்பது பேருக்கு நான் நல்ல சேதி கொண்டுவந்தவன். ஒரு கிழவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

நான் பஹ்ராமின் கையைப் பிடித்துக்கொண்டு அரபியில் ஒரே சொல் சொன்னேன். "மாத்தூ." இறந்துவிட்டார்கள். மரியாதை இல்லாத, சந்தேகம் இல்லாத சொல். அவர் என் வாயையே பார்த்தார், இன்னொரு பொருள் வரும் என்பதுபோல. வரவில்லை என்று தெரிந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

5

பாத்திமாவின் உடல் நாலாம் நாள் கடலில் கிடைத்தது. அந்தக் கரையிலேயே அடக்கம் செய்தார்கள். பஹ்ராமால் போக முடியவில்லை. எட்டாம் நாள் கடையைத் திறந்தார். நான் பன்னிரண்டு நாள் வேறு தெருவில் ரொட்டி வாங்கினேன். என் மனைவி மும்தாஜ் அதைக் கவனித்துவிட்டாள். "என்னாங்க, ரொட்டி ருசி மாறிருக்குது" என்றாள். மறுநாள் அவளே போய் பஹ்ராமிடம் வாங்கிவந்தாள். அதற்கு மறுநாள் நான் போனேன். அவர் வழக்கம்போல ரொட்டியைச் சுற்றிக் கொடுத்தார்.

ஆகஸ்டில் போர் நின்றது. விசாரணை அறிக்கை வந்தது. பத்திரிகைகள் அதைப் பத்தி பத்தியாகப் போட்டன. நஸ்ரீன் பள்ளியில் அது பொது அறிவுப் பாடமாகிவிட்டது. பையன்கள் போர் விமானங்களின் படம் போட்ட சீட்டுகளை மாற்றிக்கொள்வார்களாம். அவள் ஒரு மாலை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே, "அத்தா, அந்த ஷிப்ல இருந்த கம்ப்யூட்டர் கரெக்டாதான் காட்டுச்சு. பாத்த ஆளுங்கதான் தப்பா பாத்தாங்க" என்றாள். பரீட்சைக்குப் படித்ததைச் சொல்கிற குரல்தான். அவளைக் குறை சொல்வதற்கில்லை. ரொட்டிக்கடைக்காரரின் மனைவி அவளுக்கு ஒரு முகம்கூட இல்லை.

அவள் சொன்னது சரிதான். விமானம் தனக்குரிய பாதையில்தான் வந்தது. பெட்டி பயணிகள் விமானத்தின் எண்ணைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஏறிக்கொண்டிருந்த விமானத்தை இறங்கிப் பாய்கிறது என்று கப்பலில் ஒருவர் சொல்லிவிட்டார். அந்தக் கப்பலுக்கு அன்று காலையில்தான் சின்னப் படகுகளோடு சண்டை தொடங்கியிருந்தது. சண்டைக்குள் இருப்பவனுக்கு வருவதெல்லாம் சண்டைக்கு வருவதாகத்தான் தெரியும். கப்பலிலிருந்து ரேடியோவில் எச்சரித்தார்கள். அதில் பெரும்பகுதி பயணிகள் விமானத்தால் கேட்கவே முடியாத அலைவரிசையில் போனது. மிச்சம் யாரையோ அழைப்பதாகத்தான் விமானிகளுக்குத் தோன்றியிருக்கும். விமான அட்டவணையையும் ஒருவர் எடுத்துப் பார்த்தாராம். இரண்டு கரைக்கும் கடிகாரத்தில் அரை மணி வித்தியாசம். அவருக்கு அந்த விமானம் அட்டவணையில் கிடைக்கவில்லை.

அந்த வரியை நான் பல தடவை படித்தேன். ஓர் அட்டவணையை நிதானமாகப் பார்த்துத் தப்பான எண்ணை எடுப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். நான் தப்பாக எடுத்த எண்ணால் ஒரு பெண் பிழைத்தாள். அதைச் சொல்லி ஆறுதலடையவும் கூச்சமாக இருந்தது. அவள் தாயை விமானத்தில் ஏறச் சொன்னதும் நான்தானே.

இந்த ஜனவரியில் ஊருக்கு வந்தபோது அண்ணனிடம் முழுவதையும் சொன்னேன். பாத்தியில் புதுத் தண்ணீர் விட்டிருந்தார்கள். அனுமந்தைப் பக்கமிருந்து காற்று வந்தது. பெட்டி, எண் என்று நான் போன தடவை விளக்கியதை அவர் நினைவுபடுத்தவில்லை. அது அவருடைய பெருந்தன்மை.

"நீயாடா சுட்டே?" என்று மட்டும் கேட்டார்.

இல்லை என்றேன்.

"அப்போ அந்த ஆளாண்ட போயி சொல்லிடு. மனசுல வச்சிக்கினு ரொட்டி வாங்காத."

6

திரும்பி வந்த வாரம் பஹ்ராமிடம் சொன்னேன். லாஞ்ச் வேண்டாம் என்று சொன்னதையும், வருஷத்தைத் தப்பாக அடித்ததையும் சேர்த்துச் சொன்னேன். இந்தத் தடவை மொழியில் கவனமாக இருந்தேன். பொருள் மாறாத சொற்களாகத் தேடி வைத்திருந்தேன். அவர் அடுப்பிலிருந்த ரொட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து முடித்தார். பிறகு, விமானம் தான் யார் என்று சொல்லியதா என்று கேட்டார். சொல்லிக்கொண்டேதான் வந்தது என்றேன். கடைசிவரைக்குமா? கடைசிவரைக்கும்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், அந்தச் சின்னப் பிறப்புப் புத்தகத்தை எடுத்துவந்து என்முன் வைத்தார். நீ கொன்றவனும் இல்லை, காப்பாற்றியவனும் இல்லை என்றார். "இந்த முறை சரியாக எழுது."

எழுதினேன். 1975. மும்தாஜையும் நஸ்ரீனையும் சரிபார்க்கச் சொல்லி, அதன் பிறகுதான் கொடுத்தேன். அலுவலகத்தில் அதே குமாஸ்தா. பழைய மனுவை எடுத்து ஒப்பிட்டுவிட்டு, இந்தப் பெண் நாற்பது வயது குறைந்துவிட்டாளே என்றார். அவருக்கு மற்றது தெரியாது. நான் சொல்லவும் இல்லை. மே மாதம் விசா வந்தது.

லாஞ்சா விமானமா என்று பஹ்ராம் இம்முறை என்னைக் கேட்கவில்லை. கடல் இப்போது அமைதி, கண்ணிகளைப் பொறுக்கிவிட்டார்கள், லாஞ்ச் தினமும் வருகிறது. மகள்தான் அத்தையிடம் விமானம் என்று சொல்லிவிட்டாளாம். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. அதே வழி, அதே காலை நேரம்.

ஜூன் கடைசியில் வந்தாள். நான் அன்று என் விடுப்பை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். விமானம் நேரத்துக்கு வந்து நின்றது. தனியாக வரும் பிள்ளைகளைக் கழுத்தில் ஒரு உறையை மாட்டி, கடைசியாக இறக்குவார்கள். பதின்மூன்று வயது. கறுப்புத் தலைத்துணி. என் கையிலிருந்த தாளில் தன் பெயரைப் பார்த்துவிட்டுப் படியிலேயே நின்றாள். என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தயங்கி, "பாபா?" என்றாள்.

அப்பன் போகும்போது அவளுக்கு ஐந்தாறு வயது. தாளோடு காத்து நிற்கும் முதல் ஆளை அப்பா என்று நினைத்தது அவள் தவறல்ல. இல்லை, அவர் வெளியே இருக்கிறார் என்று கை காட்டினேன்.

வெளியே பஹ்ராம் நின்றிருந்தார். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நாலடி தள்ளியே நின்றார்கள். யார் முதலில் நகர்வது என்று தெரியாதவர்கள்போல இருந்தது. பிள்ளையை ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். படிவத்தை நீட்டினேன். பஹ்ராம் அதில் தன் பெயரையும், உறவு என்ற கட்டத்தில் தந்தை என்பதையும் நிதானமாக எழுதினார். எழுதி முடித்ததும் அவள் பேசினாள். மெதுவான பாரசீகம்தான். எனக்கே விளங்கிற்று. ஜன்னல் பக்கம் இடம் கேட்டு வாங்கியிருக்கிறாள். வழி முழுக்கக் கீழே பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

"கடலில் ஒன்றும் இல்லை, பாபா," என்றாள்.

பஹ்ராம் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.